அலுவிகாரை ஏடுகளும் நம் சுவடிகளும்

மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, யாழ்ப்பாணம் போகும் வீதியோரப் பாறைக் குகைகளில் இருக்கிறது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், மன்னன் வட்டகாமணி அபயன் காலத்துப் போரும் பஞ்சமும் துறவிகளை வாரிக்கொண்டு போக, அதுவரை வாய்ப்பாடமாக நின்ற திரிபிடகத்தை இங்கேதான் ஏட்டில் ஏற்றினார்கள் என்பது பௌத்த மரபு. ஆங்கிலேயருக்கு எதிரான 1848 கிளர்ச்சியின்போது இங்கிருந்த நூலகம் அழிந்தது. எழுதும் தொழில் அழியவில்லை.

அத்தொழிலைச் சிங்களவருக்கே உரியதெனத் தமிழராகிய நாம் ஒதுக்கிவைப்பது சரியன்று. எழுத்தாணி இருவருக்கும் பொது; ஓலைதான் வேறு. அவர்கள் தாளிப்பனையின் விரியாத குருத்தை எடுத்து, ஈர்க்கு நீக்கி, சுருட்டி அவித்து, உலர்த்தி, வழுவழுப்பான கமுகந்தண்டில் இழுத்து இழுத்து மெருகேற்றுவார்கள். அகன்று, மென்மையாய், நெடுங்காலம் நிற்கும் ஏடு அது. நமது பனையோலை ஒடுங்கியது, தடித்தது. கீறிய எழுத்துத் துலங்க அவர்கள் கரியைத் தும்மல எனும் பிசின் எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். நாம் விளக்குக்கரியோடு பச்சிலைச் சாறு சேர்த்தோம்.

எழுதும் முறையிலும் இரு பள்ளிகள். பழந்தமிழ் ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு, சொற்பிரிப்பும் இல்லை. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று காரணம் சொல்வார்கள். பொருளறிந்தவரே வாசிக்க முடியும், பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். பாளி ஏடு எழுதியோர் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு புத்தர் சிலைக்கு நிகராக மதித்தவர்கள். குறிகளை விடாமல் இட்டார்கள். எழுத்துத் திருத்தத்தில் அந்தப் பள்ளியே உயர்ந்தது என்பேன்.

யூதரின் எபிரேய ஏடுகளிலும் இதே கண்டிப்பு. தோராச் சுருளில் ஓரெழுத்து விடுபட்டாலும் திருத்தும்வரை அது ஓதத் தகாது. ஆயினும், 1476இல் ஸ்பெயினின் லா கொருன்யாவில் மோசே இப்னு சபாரா எழுதிய வேதாகமத்தைப் பாருங்கள். கென்னிகாட் வேதாகமம் எனப்படும் அதன் ஓவியப் பக்கங்களில் முஸ்லிம் கலையின் பின்னற்கோலங்கள் நிறைந்துள்ளன. வேத எழுத்தில் அணுவும் விட்டுக்கொடாதவர்கள் அழகை அயலாரிடமிருந்து அச்சமின்றி வாங்கினார்கள்.

இலங்கைப் பௌத்தம் அழகை மட்டுமல்ல, அறிவையும் வாங்கியது. சோழநாட்டுப் புத்ததத்தர் அநுராதபுரத்தில் கற்றுக் காவிரிக்கரையில் விநய நூல் எழுதினார். அதே நாட்டுப் புத்தப்பிரியரின் ‘ரூபசித்தி’ இலங்கைத் துறவிகளுக்குப் பாளி இலக்கண நூலாயிற்று.

கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) தென்னிந்திய நாயக்கர் குடியினன். திருமால் சிலையும் உள்ள தம்புள்ளைக் குகைகளின் ஓவியங்களைப் புதுப்பித்தவன் அவனே. வெலிவிட்ட சரணங்கர தேரரின் வேண்டுகோளை ஏற்று, 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போன உபசம்பதை எனும் முழுத்துறவேற்பை மீட்டான். பாளிக் கல்வி தழைக்க, விகாரைகளில் ஏடு படியெடுப்பு பெருகியது. இன்றுள்ள சிங்கள ஏடுகளில் பெரும்பாலானவை அக்காலத்தையும் அடுத்த நூற்றாண்டையும் சேர்ந்தவை.