வாண்டர்பில்ட் போட்ட சாலை

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் 1904-இல் வாண்டர்பில்ட் கோப்பை கார் பந்தயம் தொடங்கியது. கார்கள் பறந்தது ஊர்ப் பொதுச்சாலைகளில். 1906-இல் பார்வையாளர் ஒருவர் அடிபட்டு இறந்தபின், பந்தயத்தைத் தொடங்கிய வில்லியம் வாண்டர்பில்ட் கார்களுக்கென்றே தனிச்சாலை போட்டார். 1908-இல் திறந்த அந்த மோட்டார் பார்க்வேயின் அழகே அதன் கட்டுமானம்தான்: கம்பி கட்டிய கான்கிரீட் தளம், வேகத்துக்கேற்பச் சாய்த்த வளைவுகள், குறுக்குச் சாலைகளைத் தாண்டும் பாலங்கள். 1938-இல் சாலை மூடப்பட்டது.

உள்ளூர் ஆர்வலர்கள் விடவில்லை. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, புதருக்குள் மிஞ்சிய வேலிக்கால்களையும் பாலச்சுவர்களையும் அடையாளம் காண்கிறார்கள். அந்தச் சாலையின் கார்டன் சிட்டி சுங்கச்சாவடி வீடு இடம்பெயர்த்துக் காக்கப்பட்டிருக்கிறது. நியூயார்க்கின் குயின்ஸில் எஞ்சிய பகுதி இன்று சைக்கிள் பாதை. அந்தப் பக்கம் போனால், பாலங்களை நின்று பாருங்கள்.