அடிஷம் மாளிகை: ஓர் ஆய்வு

கட்டடமொன்றின் வரலாறு அதனைக் கட்டியவரோடு முடிவதில்லை. பின்னர் வந்தோர் அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதும் ஆராயற்பாலது. மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளினிடையே அப்புத்தளையில் நிற்கும் அடிஷம் மாளிகை இதற்குச் சான்றாகும்.

இதனை 1931ஆம் ஆண்டிற் கட்டுவித்தவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலத் துரை. இவர் பிரித்தானியப் பிரதமராய் விளங்கிய ஜோன் றஸல் பிரபுவின் பேரர். இங்கிலாந்தின் கெண்ட் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் மாளிகையை அமைத்து, அப்பகுதிச் சிற்றூரொன்றின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

1961இல் இது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாயிற்று. பிரபுவின் மனையிற் செபமும் உழைப்பும் குடிகொண்டன. பழப்பாகு செய்து விற்கும் தொழிலும் வளர்ந்தது. ஆயினும் துரையின் வரவேற்பறையையும் நூலகத்தையும் துறவியர் பழைய நிலையிலேயே பேணி வருகின்றனர். இடித்துப் புதுக்குதல் எளிது. பயனை மாற்றியும் உருவைக் காத்தல் அரிது. அவ்வகையில் இப்பணி போற்றத்தக்கதே.

எனினும், அவ்வறைகள் உரைப்பது துரையின் வாழ்வை மட்டுமே. துரைமாரின் செல்வம் தேயிலையால் வந்தது; அத்தேயிலையோ தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கைகளால் விளைந்தது. அவர்தம் வாழ்வைக் காட்டும் சின்னம் வேறிடத்தே உளது. கம்பளைக்கு அண்மையில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயமொன்று 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டது. மாளிகையைக் கண்டு வியப்போர் அந்த லயத்தையும் காணல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே கற்றாலன்றி மலைநாட்டு வரலாறு முழுமை பெறாது.