நாற்பதுக்கு மேல் மரம் ஏறுகிறவர்கள்: வடசென்னையும் இலங்கையும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை தெருக்களைத் திறந்துவிட, அரிவாளும் வடமும் தூக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் தேவைப்பட்டார்கள். இந்தப் பக்கத்தில் மரம் கழிக்கும் வேலையில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சிறு வயதிலிருந்தே இதைச் செய்பவரைக் காண்பது அரிது. முன்பு மூட்டை தூக்கியவர், படகில் போனவர், ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர் என்றுதான் பதில் வரும்.

அதற்குக் காரணங்கள் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் 1983இல் வந்தது. தோளில் சுமக்கும் வேலை அதன்பின் தேயத் தொடங்கியது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத் தாதும் அங்கே கையாளப்படுவது நின்றது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது வலைகளும் படகுகளும் கறுத்துப்போயின. நாற்பது, ஐம்பது வயதில் ஒருவர் வேறு தொழில் தேடுவது இப்படித்தான் நேர்கிறது.

இவர்களிடம் ஒரு பெரிய மூலதனம் இருக்கிறது. கயிறு தெரியும். எந்த முடிச்சு இறுகும், எது பாரம் ஏறினால் நழுவும், கனத்தை எப்படி மெல்ல இறக்குவது என்பதெல்லாம் கப்பலிலும் கட்டுமரத்திலும் கற்றவை. ஆனால் மரத்தைப் பற்றிச் சொல்லித்தர ஒருவரும் இல்லை.

இலங்கையில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளி தளைநாரைக் காலில் மாட்டிப் பனையில் ஏறுவதைத் தகப்பனிடமிருந்து கற்றார். தெற்கே வாதுவை, களுத்துறைக் கரையோரத்தில் தென்னைகளுக்கு இடையே இரண்டு கயிறுகள் கட்டியிருப்பார்கள். கீழ்க்கயிற்றில் நடந்து, மேல்கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் தரைக்கு இறங்காமலே மரத்துக்கு மரம் போய்க் கள் இறக்குவார். பிறகு அதே கைகள் வீட்டுத் தென்னைக்கும் பலாவுக்கும் அழைக்கப்படுகின்றன. அந்த அறிவின் ஆழத்தை மதிக்கிறேன். ஆனால் அதன் விலையையும் சொல்ல வேண்டும்: யாழ்ப்பாணத்தில் இது சாதியோடு கட்டப்பட்ட தொழில். அதில் பிறந்தவர் வெளியேற முடியாமல் தவித்தார். வேறெவரும் நடுவயதில் உள்ளே வருவது நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அத்தொழிலாளருக்கு ஒரு குரலைத் தந்தன, சாதிப் பழியை முழுதும் துடைக்கவில்லை. தமிழகத்துப் பனையேறிகளின் கதையும் இதிலிருந்து தூரமில்லை.

வடசென்னை மரவேலைக்கு அந்தப் பிறப்புச் சுவர் இல்லை. யாரும் வரலாம். பரம்பரை இல்லாததால் ஆசானும் இல்லாமல் போனார் என்பதே இங்குள்ள குறை.

இந்தியாவில் ஒருமுறை இதற்கு விடை கண்டிருக்கிறோம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் கேரளத்தில் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, கையோடு ஏறும் கருவி, விபத்துக் காப்பீடு. எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் சேரலாம், பெண்களும் ஏறினார்கள். இலங்கையின் பரம்பரை ஏறிகளுக்குக் கிடைக்காத கண்ணியம் இதில் இருந்தது. ஆனால் இது தென்னைக்கு மட்டும். கிளை இல்லாத மரத்துக்கான கருவி, மின்கம்பியின் மேல் படர்ந்த தூங்குமூஞ்சி மரத்தில் உதவாது.

கிளை அறுப்பதில் ஒரு முறை இருக்கிறது. கனத்த கிளையை ஒரே வெட்டில் வீழ்த்தினால் அது விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். முதலில் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்திலிருந்து பாதி அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தைக் கயிற்றில் இறக்க வேண்டும். மிஞ்சிய துண்டை மூன்றாவதாக, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும். மரம் காயத்தை மூடுவது அந்த வளையத்திலிருந்துதான். தண்டோடு ஒட்ட வழித்தாலும், நீளமாகத் துண்டு விட்டாலும் அழுகல் உள்ளே இறங்கும். மொட்டை அடித்த மரத்தில் குபுகுபுவென்று துளிர்க்கும் கொம்புகள் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டியிருக்கும். சில ஆண்டுகளில் பருத்து, அடுத்த புயலில் அவையே முதலில் முறியும். அமெரிக்காவில் ஜான் டேவி 1901இல் ‘மர வைத்தியர்’ என்ற பொருளில் நூல் எழுதி இத்தொழிலுக்குப் பெயர் வாங்கித் தந்தார். அந்தக் காலத்தில் பொந்துகளில் சிமென்ட் அடைத்தார்கள். பிறகு அது கெடுதல் என்று கைவிட்டார்கள். நம் தெருக்களில் இன்னும் அடைக்கிறார்கள்.

அநுராதபுரத்து ஸ்ரீ மகா போதியின் தாழ்ந்த கிளைகளைப் பொன் முலாம் பூசிய முட்டுகள் தாங்கி நிற்கின்றன. வெட்டாமலே ஒரு கிழ மரத்தைக் காப்பாற்றுவதற்கு இதைவிடப் பழைய பாடம் எனக்குத் தெரியவில்லை. திருவொற்றியூரும் சளைத்த ஊரல்ல. சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது இவ்வூர் மகிழ மரத்தடியில்தான். ஆனாலும் கோயில் மரத்துக்குக் காட்டும் மரியாதை தெரு மரத்துக்கு இரண்டு நாட்டிலும் இல்லை. 2023 அக்டோபர் 6 அன்று கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய மரம் பேருந்தின் மேல் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். இப்படியொரு சாவுக்குப் பிறகே மரங்களைச் சோதிப்பதும், அச்சத்தில் நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டுவதும் அங்கும் இங்கும் நடக்கின்றன.

சட்டத்தில் இலங்கை முந்திக்கொண்டது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்தக் காணியில்கூட அனுமதியின்றி வீழ்த்த முடியாது. தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு 2021இல்தான் வந்தது. சட்டம் எதுவானாலும், கிளையை எப்படிக் கழிப்பது என்பது ஏறும் ஆளின் கையில்தான் இருக்கிறது.

ஆரோவில்லில் கயிறு கட்டி ஏறும் மரப் பராமரிப்புப் பயிற்சி நடக்கிறது. மாநகராட்சியின் திருவொற்றியூர், இராயபுரம் மண்டலங்களில் அதைப் போல ஒன்றை, வயது வரம்பு வைக்காமல், காப்பீட்டோடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஆண்டுதோறும் நடத்த வேண்டும். அதுவரை உங்கள் வாசல் மரத்துக்கு ஆள் கூப்பிடும்போது நான்கு காரியம் செய்யுங்கள்: முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்துங்கள், கூலியை நாள் கணக்கில் கொடுங்கள், வெட்டிய விறகைக் கூலியில் சேர்க்காதீர்கள், இடுப்பில் கயிறு கட்டாமல் அவரை மேலே ஏற விடாதீர்கள்.