சுழலும் ஒலிபெருக்கிக்கு எத்தனை வேகம் வேண்டும்?

பழைய லெஸ்லி ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்க்கிறவர் முதலில் கேட்பது, "எதற்கு இத்தனை மோட்டார்?" என்றுதான். மேலே உயர் ஒலிக்கான குழலைச் சுழற்ற ஒரு ஜோடி, கீழே தாழ் ஒலிக்கான உருளையைச் சுழற்ற இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் பெரியது வேகத்துக்கு, சிறியது நிதானத்துக்கு. மின்னணு வேலை தெரிந்தவருக்கு உடனே கை துறுதுறுக்கும். நான்கையும் தூக்கிவிட்டு, குழலுக்கு ஒன்று, உருளைக்கு ஒன்று என்று வைத்து, வேகத்தை ஒரு சிறு சர்க்யூட் பார்த்துக்கொள்ளட்டுமே! இப்படி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி நியாயமானவை.

இந்தப் பெட்டியை உருவாக்கிய டான் லெஸ்லி 1937-இல் ஒரு ஹாமண்ட் மின் ஆர்கன் வாங்கினார். தேவாலயக் குழல் ஆர்கனின் விரிவு அதில் இல்லையே என்ற குறை அவரை விடவில்லை. ஒலி ஓரிடத்திலிருந்தே வராமல் அறையெங்கும் நகர வேண்டும் என்று யோசித்து அவர் செய்த பெட்டி 1941-இல் விற்பனைக்கு வந்தது. ஹாமண்ட் நிறுவனம் அதை ஏற்க மறுத்தது, ஆர்கன்காரர்கள் விடவில்லை. தொடக்ககாலப் பெட்டிகள் சுழலும், அல்லது நிற்கும், அவ்வளவுதான். நாம் இன்று லெஸ்லி என்றதும் நினைக்கும் 122, 147 மாடல்கள் 1960-களின் இரண்டு வேகப் பெட்டிகள். மெதுவான சுழற்சிக்குக் கொரால் என்று பெயர், வேகமானதற்கு ட்ரெமலோ.

உள்ளே ஒலிபெருக்கி சுழல்வதில்லை. அதன் வாயில் வைத்த குழலும் உருளையும்தான் சுழல்கின்றன. குழல் மெதுவாக நிமிடத்துக்கு 48 சுற்றும், வேகமாக 400-க்குச் சற்று மேலும் போகும். உருளை ஏறத்தாழ 40, 340. குழலின் வாய் மையத்திலிருந்து 18 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வேகச் சுழற்சியில் அது நொடிக்கு ஏழரை மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. டாப்ளர் விளைவால் சுருதி இருபுறமும் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆடும். அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். மெதுவான சுழற்சியில் அசைவு கால் சதவீதம்தான். காது அதைச் சுருதிப் பிசகாக உணராது, ஒரு மூச்சாகத்தான் உணரும்.

ஆனால் ஆர்கன் வாசிப்பவர் சுவிட்சைத் தட்டுவது இந்த இரண்டு நிலைகளுக்காக மட்டும் அல்ல. தட்டியதும் இலேசான குழல் ஒரு நொடியில் வேகம் பிடித்துவிடும். கனமான உருளை பல நொடிகள் எடுத்து, முனகிக்கொண்டே பின்னால் வரும். மேலே அலை அடித்துக்கொண்டிருக்க, கீழே இன்னும் விடிந்திருக்காது. நிதானத்துக்குத் திரும்பும்போதும் இதே இழுபறி. பாட்டின் உச்சத்தில் நம்மை நிமிர வைப்பது இந்த இடைவெளிதான். யாரும் உட்கார்ந்து வடிவமைத்த வளைகோடு அல்ல அது. சிறிய மோட்டார், நழுவும் பெல்ட், கனத்த மரம் மூன்றும் சேர்ந்து போட்ட கோலம்.

பழைய அமைப்பின் குறைகளை மறைக்கவும் கூடாது. சிறிய மோட்டாரில் மின்சாரம் பாய்ந்ததும் அதன் தண்டு காந்த இழுப்பில் சற்றே நகர்ந்து, ரப்பர் வளையம் மாட்டிய சக்கரத்தை அழுத்தித் திருப்புகிறது. அந்தச் சக்கரம் பெரிய மோட்டாரின் தண்டைச் சுழற்றுகிறது. அழகான ஏற்பாடு; ஆனால் ரப்பர் வருடக்கணக்கில் இறுகும், எண்ணெய் பிசினாகும். பிறகு மெதுவான சுழற்சி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. இன்னொன்று, இந்த மோட்டார்களின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பெட்டியை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு விழும்; 400 சுற்று 333 ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர அதிர்வெண்ணைத் தொடாது. பெல்ட்டை ஓட்டும் மோட்டாரின் புல்லியைப் பெரிதாக்குவது ஒரு வழி. குழல் மோட்டாரின் புல்லியில் மூன்று படிகள் இருப்பதால் அங்கே கொஞ்சம் விளையாட இடமுண்டு.

சிலர் ஃபேன் ரெகுலேட்டர் போன்ற ஒன்றைப் பழைய மோட்டாருக்கே மாட்டிப் பார்க்கிறார்கள். இது தேறாத வழி. மின்விசிறியின் வேகம் குறையக் குறையக் காற்றின் எதிர்ப்பும் சரிந்துவிடும்; அதனால் அது தாக்குப்பிடிக்கிறது. இங்கே பெல்ட்டின் உராய்வு அப்படியே நிற்கும். வோல்ட் குறைந்தால் இழுவிசைதான் போகும். எட்டில் ஒரு பங்கு வேகத்தில் சீராக ஓடுவதற்குப் பதில் அது உறுமும், திணறும், நின்றுவிடும். அந்த உறுமல் மைக்கிலும் ஏறும்.

நேர்மின்னோட்ட மோட்டாரும் வேகத்தை அளந்து திருத்தும் சர்க்யூட்டும் வைப்பது மரியாதையான மாற்று. எந்த ஊர் மின்சாரமானாலும் வேகம் மாறாது. இரு வேகங்களையும் வேண்டியபடி வைக்கலாம், குழலைச் சட்டென நிறுத்தலாம். குறை பெரும்பாலும் அமைப்பவரின் மனத்தில்தான். சுற்றுகளின் எண்ணிக்கையைத் துல்லியமாக வைத்துவிட்டு, ஏறி இறங்கும் விதத்தை நேர்கோடாக விட்டுவிடுகிறார்கள். குழலும் உருளையும் ஒரே கட்டளைக்குக் கைகோத்து ஏறுகின்றன. பள்ளி அணிவகுப்பு மாதிரி இருக்கும்; தப்பும் இருக்காது, உயிரும் இருக்காது. இரண்டும் சற்றே வேறு வேகத்தில் ஓடுவதால்தான் பழைய பெட்டியில் ஒரே அலை திரும்பத் திரும்ப வருவதில்லை. எளிய விகிதத்தில் பூட்டிவிட்டால் அலை திரும்பத் திரும்ப வருவதைக் காது கண்டுபிடித்துவிடும்.

மோட்டார் எரிந்துபோன பெட்டிக்கும், வேறு அதிர்வெண்ணில் மாட்டிக்கொண்ட பெட்டிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு தகும் என்பதே என் முடிவு. குழலுக்கும் உருளைக்கும் தனித்தனி ஏற்ற இறக்கம் வைக்க முடியாத சர்க்யூட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய ஜோடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். துடைத்து எண்ணெய் விட்டு, பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்த்துவிட்டு, முதலில் அந்த ரப்பர் வளையம் என்ன விலை என்று விசாரியுங்கள்.