உப்புக்கல்லை ரசிப்பது எப்படி?

வேதியியல் என்றதுமே பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ராகம் கேட்கவும் ஓவியம் பார்க்கவும் பழகிக்கொள்கிறவர்கள்கூட, தினமும் அள்ளிப் போடும் உப்பை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எனக்கு இது பொறுக்கவே இல்லை.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. சோடியம் உலோகம், வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான். குளோரின் அலோகம், வெளிக்கூட்டில் ஏழு. அந்த ஓர் எலக்ட்ரான் குளோரினிடம் போகிறது. சோடியம் நேர் அயனி, குளோரின் எதிர் அயனி. இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. அவ்வளவுதான்.

விஷயம் இனிதான் இருக்கிறது. சோடியம் ஆசையாகக் கொடுத்தது, குளோரின் ஆசையாக வாங்கியது, அதுவே பிணைப்பு என்று கண்ணும் மூக்கும் வைத்த அணுப் படங்களோடு சொல்லித்தருகிறார்களே, அது வெறும் மேலோட்டம். கணக்கைப் பாருங்கள். வாயு நிலையில் ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. குளோரின் அணுக்கள் அதை வாங்கும்போது திரும்ப வருவது 349 மட்டுமே. கைமாறியதில் 147 நட்டம்! உலோகத்தைத் தனி அணுக்களாக்கவும் குளோரின் மூலக்கூறைப் பிளக்கவும் ஆகும் செலவு வேறு. பிறகு உப்பு ஏன் உருவாகிறது? அந்த அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. படிகக்கூடு ஆற்றல் என்பது இதுதான். நட்டம் முழுவதையும் ஈடுகட்டி மிச்சமும் வைக்கிறது. எலக்ட்ரான் கைமாறுவது முன்வேலை. பிணைப்பு என்பது அதற்குப் பின் வரும் ஈர்ப்பு. இந்த வேறுபாட்டைப் பிடிக்காதவர் அயனிப் பிணைப்பை ரசிக்கவே தொடங்கவில்லை என்பேன்.

இன்னொன்று. எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் ஜோடி? ஜோடியே கிடையாது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின்கள், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியங்கள். உப்புக்கல்லுக்குள் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று ஒன்றைக் காட்டவே முடியாது. வாய்பாடு வெறும் விகிதம். 1913-இல் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களால் இதைக் கண்டுபிடித்தார். மூலக்கூறே இல்லை என்பது வேதியியலாளர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சகிக்கவில்லை. 1927-இல் 'நேச்சர்' இதழில் கோபமாகவே எழுதினார். அவர் சொன்னது தவறுதான், ஆனாலும் அவர் விஷயத்தோடு மல்லுக்கு நின்றார். சோடியம் குளோரினில் எரியும் காணொளியைப் பார்த்து வாய்பிளந்துவிட்டு நகர்கிறவர்களைவிட அவரை மதிக்கிறேன்.

உப்பை ஆவியாக்கினால் மட்டும் நிஜமாகவே ஜோடிகள் உண்டு. அங்கே இரண்டுக்கும் இடைவெளி 0.236 நானோமீட்டர், படிகத்தில் 0.282. படிகத்தில் தள்ளித்தான் நிற்கின்றன, ஆனால் சுற்றிலும் ஆறு பேர் பிடித்திருப்பதால் கட்டு உறுதி. எனக்கு இதில் அலுப்பே தட்டுவதில்லை.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: புத்தகத்தில் தொடங்காதீர்கள். கல்லுப்பில் உடையாத ஒன்றைப் பொறுக்கிக் கறுப்புத் தாளில் வைத்து, உருப்பெருக்கியால் விளிம்புகளைப் பாருங்கள். பிறகு கத்தி முனையை ஒரு பக்கத்துக்கு இணையாக வைத்து மெல்லத் தட்டுங்கள். அடுக்கு நகர்ந்ததும் ஒரே மின்சுமைகள் எதிரெதிரே வந்து விலக்கும். கல் நேராகப் பிளக்கும். இன்றே ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள்.