சோழியும் கட்டமும்

மழைமானியில் சேர்ந்த ஒரு நாள் மழையைக் காலை 8.30 மணிக்கு அளப்பது வழக்கம். 2024 டிசம்பர் 1 காலை, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் பதிவானது 51 செ.மீ. ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டால் இருபது லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இருநூறு அந்த ஒரே ஏக்கரில் கொட்டிவிட்டுப் போனதற்குச் சமம். மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஒரு நாளில் இறங்கிவிட்டது.

அந்த மழையைக் கொண்டுவந்த ஃபெஞ்சல் புயலைப் பற்றித் திண்டிவனம் பக்கம் இன்றும் இரண்டு கட்சி உண்டு. "முன்கூட்டியே சொன்னார்களே" என்பது ஒன்று. "சொன்னது எங்கே பலித்தது" என்பது மற்றொன்று. இரண்டுமே சரிதான். புதுச்சேரிக்கு அருகே கரை கடக்கும் என்று வானிலை மையம் சொன்ன இடம் தப்பவில்லை. ஆனால் புயலாக வலுப்பெறாது என்று இடையில் கணித்த தாழ்வு மண்டலம் நவம்பர் 29 அன்று புயலானது. 30ஆம் தேதி பிற்பகலில் கடக்கும் என்றது, இரவு பத்தரை மணிக்கு மேல்தான் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் புதுச்சேரி அருகிலேயே மணிக்கணக்கில் நின்று கொட்டியது. ஒரே கணிப்பில் இடம் சரி, நேரம் பிசகு, தங்கல் பெரும்பிசகு. அறிவியல் மாதிரி எதற்காக, எதுவரை என்ற கேள்வியை இந்த மூன்றிலிருந்தே தொடங்கலாம்.

இந்தக் கேள்விக்கு இதே வட்டாரத்தில் இருநூறு ஆண்டு பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணித்துவந்த ஒரு தமிழரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டு மே 31 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடப் பிழை. காகிதம் இல்லை, தொலைநோக்கி இல்லை, ஈர்ப்புவிசையும் அந்தக் கணக்கில் இல்லை. எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்துவைத்த சொற்கோவைகள் மட்டும்தான்.

சந்திரன் ஏன் அப்படி நகர்கிறது என்று வாக்கியத்தைக் கேட்டால் பதில் வராது. எப்போது எங்கே இருக்கும் என்று கேட்டால் வரும். அதற்காகத்தான் அது செய்யப்பட்டது. வாக்கியங்கள் 248. சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து, ஏறத்தாழ 248 நாளில் அதே ஒழுங்குக்குத் திரும்புவதுதான் அதன் அடிப்படை. திரும்பி வருவதால்தான் அதை மனப்பாடம் செய்ய முடிகிறது.

மேகம் அப்படித் திரும்பி வருவதில்லை. அதனால் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இயற்பியல் சமன்பாடுகளிலிருந்தே வானிலையைக் கணக்கிட முடியுமா என்று பார்த்தார் இங்கிலாந்தின் லூயிஸ் ரிச்சர்ட்சன். 1910 மே 20ஆம் தேதி வானிலையைக் கையாலேயே போட்டுப் பார்த்து, 1922இல் நூலாக வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. அன்று உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. தோற்ற கணக்கை மறைக்காமல் அச்சிட்டாரே, அங்கிருந்துதான் இன்றைய எண்வழிக் கணிப்பு முளைத்தது. 1960களில் எட்வர்ட் லொரென்ஸ் வேறொரு எல்லையைக் கண்டார். 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கணினியில் இட்டதற்கே முழு வானிலையும் வேறு பாதையில் போய்விட்டது. சமன்பாடு சரியாக இருந்தாலும் தொடக்க அளவில் உள்ள சிறு பிசகு நாளாக ஆகப் பெருகும். ஆகவேதான் இன்று தொடக்க அளவைச் சற்றுச் சற்று மாற்றிப் பல கணிப்புகளை ஒன்றாக ஓட்டுகிறார்கள். அவை ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். சிதறினால் அந்தச் சிதறலும் ஒரு தகவல்.

இன்னோர் எல்லை கட்டம். மாதிரி நிலத்தைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி போடுகிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சுமார் 40 கி.மீ. ஃபெஞ்சலின்போது இந்தியாவின் உலகளாவிய மாதிரிக்கு ஒரு கட்டம் 12 கி.மீ. ஆக, இரண்டு ஊர்களுக்கும் நடுவே மூன்று நான்கு கட்டங்கள்தான். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு அதை 6 கி.மீ. ஆக்கியிருக்கிறது. வலை நெருக்கமானது. ஆனாலும் ஓர் ஊரின் ஏரியும் ஓடையும் தெருவும் ஒரே கண்ணிக்குள் விழுந்து ஒற்றை எண்ணாகிவிடுகின்றன.

கணிப்பைச் சொல்லும் மொழிக்கும் எல்லை உண்டு. சுமார் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் 'அதிகனமழை', சிவப்பு எச்சரிக்கை. அதற்கு மேல் வழக்கமாக வேறு சொல் வருவதில்லை. 21 செ.மீ.க்கும் 51 செ.மீ.க்கும் ஒரே சொல். கேட்பவர் தான் முன்பு பார்த்த பெருமழையை மனத்தில் வைத்துத்தான் அதை அளப்பார்.

அதே புயல் மழையில், டிசம்பர் 2 அதிகாலை தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணையின் கரையூர்கள் மூழ்கின. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தின் அபாய அளவைத் தாண்டி நீர் ஓடியதால் ரயில்கள் நின்றன. அணை திறக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு வேண்டியது எவ்வளவு மழை என்ற ஓர் எண் மட்டுமில்லை. பிசகினால் எந்தப் பக்கம், எவ்வளவு பிசகும் என்பதும் வேண்டும். அதைச் சொல்லாத கணிப்பு சோதிடத்தின் தொனிக்குப் போய்விடும்.

பழைய சோழிக் கணக்கு நமக்கு உதவுவது இங்கேதான். கிரகணம் முடிந்ததும் 4, 23, 52 என்று பிழையை எண்ணிப் பார்க்க முடிந்தது. அதனால்தான் அந்தக் கணக்கின் தரம் இன்றும் நமக்குத் தெரிகிறது. மயிலத்தின் 51 செ.மீ.யையும் அன்றைய கணிப்போடு கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, வேறுபாட்டை ஊர்மொழியில் பொதுவில் வைக்க வேண்டும். கூடவே, எந்த ஏரியின் கலங்கல் அடைத்துக் கிடக்கிறது, எந்தச் சிறுபாலத்தடியில் மண் மேடிட்டிருக்கிறது என்பதையும் குறித்து வைக்க வேண்டும். 6 கி.மீ. கட்டத்துக்கு அது தெரியாது. அந்த வழியாக நாள்தோறும் மாடு ஓட்டிப் போகிறவருக்குத் தெரியும்.