ஏரிக்கு இப்போ ஆயக்கட்டு யார்?

மழைக்காலம் நெருங்கினா எங்க பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களுக்குச் சுறுசுறுப்பு வந்துவிடும். இந்த ஞாயிறு ஒரு ஏரியில் சுத்தம், அடுத்த ஞாயிறு இன்னொரு கரையில் பனை விதை நடவு. மாலையில் படங்கள் வரும்: கையுறை, குப்பை மூட்டை, பேனர். கூடவே எண்கள். இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை மூட்டை எடுத்தோம், இத்தனை கன்று நட்டோம். படப்பையில் தொடங்கி தாம்பரம், சிட்லபாக்கம், கீழ்க்கட்டளை வரைக்கும் பல வருஷமா இதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். சிலவற்றில் நானும் மண்வெட்டி பிடித்திருக்கிறேன். வருகிறவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் புகார் அந்த எண்களைப் பற்றி. நாம் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் வேலை என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம். ஏரி விஷயத்தில் எண்ண வேண்டியதை நாம் எண்ணவே இல்லை.

முதலில் ஏரி என்றால் என்னன்னு பார்த்துடலாம். நம்ம ஊர் ஏரி ஒரு பள்ளம் கிடையாது. லேசாகச் சரியும் நிலத்தில், சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் ஒரு கரை. மேலே மேய்ச்சல் நிலமும் புறம்போக்கும். அங்கே விழுகிற மழை வரத்துக்கால்வாய் வழியாக உள்ளே வரும். கரையின் அடியில் மதகு. அதைத் திறந்தால் கீழே இருக்கும் வயலுக்குத் தண்ணீர். அந்த வயல்களுக்கு மொத்தமாக ஆயக்கட்டு என்று பெயர். நிரம்பினால் வழிவதற்கு ஓரத்தில் கலங்கல். கலங்கலில் வழிகிற தண்ணீர்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. அதாவது ஒரு ஏரியின் வால் இன்னொரு ஏரியின் தலை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொன்னதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டும் இல்லை, இந்தக் கோர்வையும்தான்.

நாம் இருக்கிற இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடையாறு என்றதும் சைதாப்பேட்டைப் பாலமும் அடையாறு முகத்துவாரமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் அந்த ஆறு தொடங்குவது நம்ம பக்கத்தில், மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில். படப்பையைச் சுற்றிய ஏரிகள் எல்லாம் அந்த மேல் நீர்ப்பிடிப்பின் பகுதி. (மணிமங்கலம் என்றால் நரசிம்மவர்மன் புலிகேசியோடு மோதிய இடம். அதுக்கு ஒரு தனிப் பதிவே போடணும்.) அடையாற்றுக்குத் தனியாக ஒரு மலையோ ஊற்றோ கிடையாது. ஏரிகள் வழிவதால் உண்டான ஆறு அது.

இது ஏன் முக்கியம் என்றால், 2015 டிசம்பர். டிசம்பர் 2 காலை 8:30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த வெள்ளத்தைப் பற்றி இன்றும் பேச்சு வந்தால் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதில்தான் போய் நிற்கிறது. சைதாப்பேட்டைக்கும் ஜாபர்கான்பேட்டைக்கும் அந்தப் பேச்சு பொருந்தும். முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே முதல் மாடி வரை வந்த தண்ணீர் நம்ம பக்கத்து ஏரிகள் வழிந்த தண்ணீர். வழிய வேண்டிய பாதையில் வீடுகள் இருந்ததால் வீட்டுக்குள் வந்த தண்ணீர்.

இங்கே ஒரு கணக்கு. 100 ஏக்கர் ஏரி ஒன்றின் மேல் 49 செ.மீ. மழை நேரடியாக விழுந்தால் மட்டுமே கிட்டத்தட்ட 20 கோடி லிட்டர். நீர்ப்பிடிப்பிலிருந்து ஓடிவருவது தனி. சரி, ஏரியை ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால் 40 கோடி லிட்டர் கூடுதலாகக் கொள்ளுமே, அதுதானே தூர்வாரல் என்று கேட்கலாம். கொள்ளும், ஏரி காலியாக இருந்தால். 2015-இல் நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பிவிட்டன. நிரம்பிய பாத்திரத்தின் அடி எவ்வளவு ஆழமாக இருந்தால் என்ன? டிசம்பர் 1 அன்று கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கலங்கலுக்குக் கீழே தண்ணீர் போக வழி இருக்கா இல்லையா.

தூர்வாரலில் பயனே இல்லை என்று சொல்லவில்லை. நிலத்தடி நீர் ஏறும், போர்வெல்லில் தண்ணீர் இருக்கும், கோடையில் அது பெரிய விஷயம். ஆனால் 'வெள்ளத் தடுப்பு' என்று பேனரில் போட்டுக்கொண்டு ஏரியின் நடுவில் மட்டும் தோண்டுவது பொருத்தமில்லாத வேலை. தோண்டிய மண்ணைக் குவித்துத் தீவு கட்டுவதும், கரையை ஒரே செங்குத்தாக வெட்டி மேலே நடைபாதைக் கல் பதிப்பதும் இன்னும் மோசம். நாரைக்கும் உள்ளானுக்கும் வேண்டியது முழங்கால் ஆழத் தண்ணீரும் சேறும். கிண்ணம் மாதிரி வெட்டிய ஏரியில் அந்த விளிம்பே இருக்காது. படத்தில் மட்டும் ரொம்ப அழகாக இருக்கும்.

இனி, நல்லா நடந்த முயற்சிகளையே எடுத்துக்கிறேன். மோசமானதை விமர்சிப்பதில் ஒன்றும் கிடைக்காது.

கீழ்க்கட்டளை ஏரியை மீட்கும் வேலைக்காக அருண் கிருஷ்ணமூர்த்திக்கு 2012-இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. 2007-இல் அவர் தொடங்கிய இந்தியச் சுற்றுச்சூழலியல் அறக்கட்டளை, இளைஞர்களை ஏரிக்குள் இறங்க வைத்தது. அதற்கு முன்பு 'ஏரி என்றால் பொதுப்பணித்துறை வேலை' என்று ஒதுங்கியிருந்த நடுத்தர வர்க்கத்தை அசைத்தது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் கீழ்க்கட்டளை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், அப்புறம்தான் கீழ்க்கட்டளை. அதற்குப் பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். மேலே மூன்று ஏரிகளில் கலக்கிற கழிவுநீர் கீழ்க்கட்டளைக்கு வந்தே தீரும். என் தொழிலில் இதை அப்ஸ்ட்ரீமில் பக் இருக்கும்போது டவுன்ஸ்ட்ரீமில் பேட்ச் போடுவது என்போம். எத்தனை ஞாயிறு ஆகாயத்தாமரையை அள்ளினாலும் அதற்கு உரம் மேலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

செம்பாக்கத்தில் நடந்தது இந்த விதத்தில் ஒரு படி மேல். சுமார் 100 ஏக்கர் ஏரி. நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி சேர்ந்து செய்த திட்டம். அங்கே அவர்கள் ஆரம்பித்தது எந்த வாய்க்கால் வழியாக என்ன வருகிறது என்ற கேள்வியில். படம் எடுக்கத் தோதில்லாத வேலை அது. அதனால்தானோ என்னவோ, நம்ம குழுக்களில் செம்பாக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சிட்லபாக்கம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 2019 கோடை, சென்னையே குடம் தூக்கி அலைந்த கோடை. ஊர்க்காரர்கள் தாங்களே ஏரிக்குள் இறங்கி வாரக்கடைசிகளில் மண் அள்ளினார்கள். அந்த வருஷமே அரசு ஏரிச் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது. மண் அள்ளியதால் பணம் வந்தது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கு முன்னாடி வருஷக்கணக்காக அங்கே சிலர் தகவல் உரிமை மனு போட்டார்கள், சர்வே எண் தேடினார்கள், குப்பை கொட்டுவதை எதிர்த்து அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். மண்வெட்டி படத்துக்கு வந்தது, மனு வரவில்லை. மற்ற ஊர்கள் சிட்லபாக்கத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டது மண்வெட்டியை மட்டும். மனு போடும் ஆளை எந்தக் குழுவிலும் 'நெகட்டிவ்வா பேசாதீங்க சார்' என்று உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. ஏரிக்குச் சொந்தக்காரர் யார்?

முன்பு பதில் தெளிவு. ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள். ஏரி உடைந்தால் அவர்கள் பயிர் போகும். நம்ம மாவட்டத்திலேயே இருக்கிற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921. பள்ளிப் புத்தகத்தில் குடவோலை என்று படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். அதில் ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழுவே இருக்கிறது. ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. என்னை நிறுத்திய விதி இதுதான்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடி இடமில்லை, அவருடைய உறவினர்களுக்கும் இல்லை. ஏரியைப் பார்த்துக்கொள்வதும் கணக்குக் காட்டுவதும் அங்கே ஒரே வேலை.

வேடந்தாங்கலும் அப்படித்தான். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊராருக்குத் தெரியும். அதனால்தான் பறவைகளைச் சுடவிடாமல் தடுத்து, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமை எழுதி வாங்கினார்கள். (மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறவரும் இதே பிளேஸ்தான்.) பறவை மேல் பாசம் இருந்திருக்கலாம். நெல் மேல் இருந்த அக்கறை நிச்சயம் இருந்தது.

ஆனால் பழசைத் தூக்கிக் கொண்டாடவும் எனக்கு மனசில்லை. உத்திரமேரூர் வாரியத்தில் இடம் கிடைக்க சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சபை. ராத்திரி மழையில் போய் மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கூலியாக நெல் உண்டு, சபையில் இடம் கிடையாது. இன்றைய ஏரிக் குழுக்களைப் பார்த்தால் இதில் பாதி அப்படியே இருக்கிறது. சொந்த வீடு உள்ளவர்கள் இருக்கிறோம்; வாடகைக்கு இருப்பவர்கள், ஒரகடம் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளைகள், கரையில் குடிசை போட்டவர்கள் இல்லை. மீதிப் பாதி, அதாவது கணக்கும் நீர்க்கட்டியும், காணாமல் போய்விட்டது. ஆயக்கட்டு மனைப்பிரிவாக மாறிய அன்றே நீர்க்கட்டிக்கு வேலை போனது. நவம்பர் ராத்திரி 2 மணிக்கு மதகுப் பலகையைப் பார்க்கப் போகிறவர் யார் என்று எந்தக் குழுவிலாவது கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

ஆக்கிரமிப்பு அகற்றணும் என்று நாம் குரல் கொடுக்கும்போதும் இதே கோளாறு. 2007-இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் புல்டோசர் முதலில் போவது கரையோரக் குடிசைக்கு. மாம்பலம் ஏரியை 1920களில் வற்ற வைத்து தி.நகரைக் கட்டியது அரசு. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். பள்ளிக்கரணையில் பெருங்குடி குப்பைக் கிடங்கு. பட்டா இருக்கும் மனைப்பிரிவுகளில் எத்தனை, வாய்க்காலை ரோடாக்கி உருவானவை? என் தெருவையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பச்சை மாவட்டம் வேண்டும் என்றால் அந்தக் கேள்வி நம்ம கேட்டுக்கு வெளியே நின்றுவிடக் கூடாது.

மரக்கன்று பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் வண்டலூரில் பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கினார்கள். வனம், மரப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோகும் இலக்கு. நல்லதுதான். ஆனால் இலக்கு மேலிருந்து இறங்கும்போது கன்று நட இடம் தேடி ஏரி உள்வாய்க்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் போகிறார்கள். மழைநீரை ஏரிக்கு அனுப்புகிற திறந்த புல்வெளியும் பச்சைதான். மாடு வைத்திருப்பவரிடம் கேட்டால் சொல்வார். நட்ட கன்றில் மூன்றாம் வருஷம் எத்தனை நிற்கிறது என்ற எண்ணை எந்தப் பேனரிலும் நான் பார்த்ததில்லை.

2022-இல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, 1,247 ஹெக்டேருக்கு மேல். அந்தச் செய்தியை நம்ம குழுக்களில் எல்லாரும் பகிர்ந்தார்கள். அந்தச் சதுப்புநிலத்துக்குத் தண்ணீர் தருகிற வாய்க்கால்களின் பட்டியலை யாரும் பகிரவில்லை.

நம்மைச் சுற்றி கிராம சபை நடக்கிற ஊராட்சிகள் இன்னும் இருக்கின்றன. வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அங்கே கேட்கக் கூடியவை எல்லாம் சின்ன விஷயங்கள். ஊர் ஏரிக்கு வரத்துக்கால்வாய் எத்தனை, கிராம வரைபடத்தில் எந்த சர்வே எண்ணில் ஓடுகிறது, இப்போது அங்கே என்ன இருக்கிறது. கலங்கலில் வழிந்தால் அடுத்த ஏரி எது, நடுவில் எந்தத் தெரு. மதகுச் சாவி யாரிடம். செப்டிக் டேங்க் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது. படப்பையிலிருந்து மணிமங்கலம் வரைக்கும் உள்ள கால்வாய்களைப் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் மேலே மேலே வைத்துக் குறித்துக்கொண்டு வருகிறேன். பாதி முடிந்திருக்கிறது. மீதியை நடந்து பார்க்கணும், மழை பெய்யும்போது. ஒரு ஞாயிறு காலை கூட வர யாருக்காவது முடிந்தால் சொல்லுங்கள். கையுறை வேண்டாம், குடை போதும்.